உதட்டில் வைத்துப் பார்ப்பவள்

அந்தப் பொம்பளை செத்துப்போன மின்பலகைக்கு முத்தம் கொடுப்பாளாம், அது எழுந்து உட்கார்ந்து பேசுமாம். மருந்துக் கடை வரிசையில் முன்னால் நின்றவர், தன் மச்சான் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். கொஞ்சம் கிண்டிக் கேட்டபோது, மச்சானும் பார்க்கவில்லை, மச்சானோடு வேலை செய்பவர்தான் பார்த்திருக்கிறார் என்று ஆனது. மாஸ்டரம்மாவுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை. ஒன்பது நாளாக வீட்டில் ஒரு பலகை செத்துக் கிடக்கிறது. கடை எங்கே என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

அவள் வீட்டுக்காரர் டிரைவிங் மாஸ்டர். முப்பத்தோரு வருஷம் ஸ்டியரிங்குக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கத்தியே காலம் தள்ளியவர். தொண்டையில் கட்டி வந்து குரல்வளையையே எடுக்க வேண்டியதாகிவிட்டது. அறுவை சிகிச்சைக்கு முந்தின வாரம், வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன் ஓடி வந்தான். அப்பாவை உட்காரவைத்து ஆறு வாக்கியம் பேசச் சொல்லிப் பதிந்தான். அதைத் தீப்பெட்டி அளவு மின்பலகை ஒன்றில் ஏற்றி, ஸ்பீக்கரோடு ஒரு டப்பாவில் அடைத்து, மேலே ஆறு பட்டன் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனான்.

'தண்ணி குடு', 'வலிக்குது', 'சத்தத்தக் கொற', 'சரி, சரி' என்று நாலு. ஐந்தாவது, 'பிரேக்கு! பிரேக்கப் போடு!' அது விளையாட்டுக்குப் பதிந்தது. மாஸ்டரம்மா பேச்சை நீட்டினால் அவர் விரல் தானாக அங்கே போகும். ஆறாவது, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நடுங்கும் ஆட்களிடம் அவர் காலமெல்லாம் சொன்னது: 'வண்டி சரியாத்தான் போகுது. பயப்படாம ஓட்டு.' அந்த ஆறாவது பட்டன் மகனுக்கு மட்டும். ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால், டப்பாவை வாயருகே பிடித்து அதை ஒரு தடவை அழுத்துவார். அங்கே அவனுக்கு அந்த வாரம் ஓடும்.

டப்பா ஊமையானதும் மாஸ்டரம்மா பொய் சொல்ல ஆரம்பித்தாள். முதல் தடவை, "அப்பா தூங்குறார்டா." அடுத்த தடவை, "குளிக்கிறார்."

"சாயங்காலம் நாலு மணிக்கா? அம்மா, என்னமோ மறைக்கிற. லீவு போட்டுட்டு வரட்டுமா?"

பேச்சை மாற்றுகிற சாக்கில் அவளும் கேட்டுப் பார்த்தாள்: "அப்பா பேசினதெல்லாம் உன் கம்ப்யூட்டர்ல இருக்கில்லடா?"

"அந்தப் பழைய லேப்டாப் எப்பவோ போச்சும்மா. ஏன் கேக்குற?"

ஆக, அவருடைய குரல் உலகத்தில் இருப்பது அந்தத் தீப்பெட்டிக்குள் மட்டும். தெரு முனை செல்போன் கடைக்காரன் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்துவிட்டு, "காட்டவே மாட்டேங்குது ஆன்ட்டி. மொத்தமா அழிச்சுட்டுப் புதுசா ஏத்த வேண்டியதுதான்" என்று ஏதோ சட்டையைச் சலவைக்குப் போடுகிற மாதிரிச் சொன்னான். அவன் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்தாள்.

முத்தக்காரியின் கடை, மூன்று மாடிக் கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில், ஜெராக்ஸ் கடையை ஒட்டி இருந்தது. யாராவது படியேறினால் கூரை தடதடத்தது. முத்தக்காரிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்தாள். மாஸ்டரம்மா கூட வந்த வீட்டுக்காரரை டிரைவிங் மாஸ்டர் என்று சொல்லிவிட்டு, டப்பா ஊமையான கதையையும் செல்போன் கடைக்காரன் சொன்னதையும் சொன்னாள்.

"கடைசியா என்னம்மா பண்ணீங்க?"

"ஒண்ணுமே பண்ணலம்மா."

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. உட்காருங்க. மாஸ்டர், நீங்களும் உட்காருங்க, தலை இடிக்கும்."

மாஸ்டரம்மா டப்பாவை அதன் உறையிலிருந்து எடுத்தாள். தூசி படக் கூடாதென்று போன மாதம் அவளே தைத்த ஆரஞ்சு நிற உறை; வாயை இறுக்கி மூட ஒரு பிரஸ் பட்டன். கூடவே வயரையும் நீட்டினாள். முத்தக்காரி வயரை விரலில் உருட்டிப் பார்த்து ஓரமாக வைத்தாள்.

"இது போனுக்கு சார்ஜ் ஏத்துற வயரு. சோறு மட்டும் போடும், பேச விடாது. செல்போன் கடைல இதத்தான மாட்டுனாங்க?"

டப்பாவைத் திறந்து பலகையை எடுத்து, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, பேட்டரியை இணைத்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பலகையை மேலுதட்டின் மேல் வைத்து மெல்ல நகர்த்தினாள். ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "ஆரம்பிச்சிட்டாங்கய்யா" என்றார்.

"ஐயோ, கரண்ட் அடிச்சிடப் போகுது!" என்றாள் மாஸ்டரம்மா.

"அஞ்சு வோல்ட்டும்மா. கொசு கூட இதைவிட நல்லாக் கடிக்கும்."

முத்தமும் இல்லை, மந்திரமும் இல்லை. டெலிபோன் தொழிற்சாலையில் பதினாலு வருஷம் ஈயம் உருக்கி ஒட்டியதில் அவள் விரல் நுனிகள் காய்த்துப் போயிருந்தன. டீ கிளாஸின் சூடுகூட உறைக்காது. ஒருநாள் இரண்டு கையிலும் வேலை இருக்க, ஒரு பலகையை உதட்டில் கவ்விக்கொண்டாள். கடுகளவு இடத்தில் சுருக்கென்றது. அந்த இடத்தில்தான் பழுது. மேற்பார்வையாளர் சிரித்தார், அடுத்த வாரமே பழுது பிரிக்கும் மேஜைக்கு மாற்றினார். தொழிற்சாலையை மூடியபோது மற்றவர்கள் வேறு வேலைக்குப் போனார்கள், அவள் மாடிப்படிக்கு அடியில் வந்து உட்கார்ந்தாள். "சாப்பிடுறதுக்கு முன்னாடி வாயக் கழுவும்மா" என்று அவள் மகள் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருப்பாளாம்.

"கொதிச்சா உள்ள எங்கயோ உரசுது. ஜில்லுன்னு இருந்தா ஆள் போயாச்சு. இது இளஞ்சூடு. முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கு, பேசத்தான் மாட்டேங்குது."

"ஆஸ்பத்திரிலேர்ந்து வந்து ரெண்டு மாசம் இவரு இருந்த மாதிரி" என்றாள் மாஸ்டரம்மா. அவர் அவளை முறைத்தார். கையில் ஐந்தாவது பட்டன் இருந்திருந்தால் அழுத்தியிருப்பார்.

முத்தக்காரி தன்னுடைய தடித்த வயரால் பலகையைக் கம்ப்யூட்டரோடு இணைத்தாள். இந்தத் தடவை திரை அதைக் கண்டுகொண்டது. மாஸ்டரம்மா பரபரத்தாள், முத்தக்காரி பரபரக்கவில்லை.

"மொதல்ல உள்ள இருக்கிறத அப்படியே ஒரு நகல் எடுத்துக்கிறேன். அப்புறம்தான் கை வைப்பேன்."

ஆறு நிமிஷம் ஆயிற்று. திரையில் ஒரு பச்சைக் கோடு ஊர்ந்தது. மாஸ்டரம்மா கோட்டையே பார்த்தாள், மாஸ்டர் அவளைப் பார்த்தார். முடிந்ததும் முத்தக்காரி இன்னொரு நகல் எடுத்து, இரண்டையும் ஒப்பிட்டாள்.

"ரெண்டும் ஒண்ணுதான். இனி இதச் சுத்தியலால அடிச்சாலும் மாஸ்டர் குரல் எங்கயும் போகாது."

மாஸ்டரம்மா அப்போதுதான் முதுகை நாற்காலியில் சாய்த்தாள்.

முத்தக்காரி கண்ணாடியைக் கீழே இறக்கிப் பலகையைச் சாய்த்துப் பிடித்தாள். வயர் மாட்டும் துளைக்குப் பக்கத்தில் மிளகைவிடச் சிறிய இரண்டு பட்டன்கள். ஒன்று நிமிர்ந்திருந்தது. மற்றது அமுங்கியபடியே கிடந்தது.

"இத அமுக்கிக்கிட்டே ஆன் பண்ணா, யாரோ புதுப் பாடம் எழுத வந்திருக்காங்கன்னு நினைச்சுக்கும். காதத் தொறந்துக்கிட்டு வாய மூடிக்கும். ஒன்பது நாளா அப்படித்தான் உட்கார்ந்திருக்கு, பாவம். எதுவோ நாள்பட இதை அழுத்திக்கிட்டே இருந்திருக்கு."

ஊசி முனையில் ஒரு சொட்டு ஸ்பிரிட் தொட்டுப் பட்டனின் ஓரத்தில் நெம்பினாள். டிக்கென்று அது எழும்பியது. அதன் அடியிலிருந்து ஊசியோடு ஒரு நூல் பிசிறு வந்தது. ஆரஞ்சு நிறம்.

மாஸ்டரம்மா உறையைப் புரட்டிப் பார்த்தாள். டப்பாவில் வயருக்காக மகன் விட்டிருந்த சந்து. அதன் மேலே சரியாக வந்து இறுகும் தன் பிரஸ் பட்டன். அதற்கு அவள் இரட்டைத் தையல் வேறு போட்டிருந்தாள். அவர் குரலை ஒன்பது நாள் அமுக்கிப் பிடித்தது அவள்தான்.

முத்தக்காரி, மாஸ்டரம்மாவின் மடியில் கிடந்த உறையை ஒரு தடவை பார்த்தாள், அவள் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். மாஸ்டர் கையை விரித்து, என்னது என்று கேட்டார்.

"தூசிங்க மாஸ்டர்" என்று முத்தக்காரி நூலை விரலில் உருட்டிக் குப்பைக் கூடையில் போட்டாள்.

டப்பாவை மூடியபின் உறையைக் கேட்டு வாங்கினாள். பிரஸ் பட்டன் இருந்த இடத்தைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம் போட்டு, கத்தரிக்கோல் வெட்டுவது போல இரண்டு விரலை அசைத்துக் காட்டித் திருப்பிக் கொடுத்தாள். நகல் ஒன்றைப் பென்டிரைவில் ஏற்றி அதையும் உறைக்குள் வைக்கச் சொல்லிக் கொடுத்தாள். மாஸ்டரம்மா தலையை ஆட்டி வாங்கிக்கொண்டாள்.

மாஸ்டர் முதலில் அழுத்தியது ஐந்தாவதை.

"பிரேக்கு! பிரேக்கப் போடு!"

ஜெராக்ஸ் கடையில் காகிதக் கட்டோடு நின்ற ஆள் துள்ளி விழுந்தார். "ஐயா, உயிரே போச்சு!" மாஸ்டர் தோள் குலுங்கச் சிரித்தார். சத்தமில்லாத அந்தச் சிரிப்பை மாஸ்டரம்மா பார்த்துப் பத்து நாள் ஆயிற்று.

"என்னங்க, மொதல்ல அவனுக்குப் போடுங்க. டிக்கெட் கிக்கெட் எடுத்துத் தொலைச்சிடப் போறான்."

அவர் அதற்குள் எண்ணைத் தட்டி, ஸ்பீக்கரில் போட்டு, போனை மேஜைமேல் வைத்திருந்தார். அங்கே இந்நேரம் அவன் வேலையில் இருப்பான். இல்லை, வண்டியில் இருப்பான். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டிருந்தது. மாஸ்டர் டப்பாவைப் போனருகே பிடித்து, ஆறாவது பட்டனின் மேல் பெருவிரலை அழுத்தாமல் வைத்திருந்தார். மேலே யாரோ படியேறினார்கள். முத்தக்காரி பெஞ்சில் காத்திருந்தவரிடம் அடுத்த பலகையை வாங்கி, "கடைசியா என்ன பண்ணீங்க?" என்று தாழ்ந்த குரலில் கேட்டு, அதைத் துடைத்து உதட்டருகே கொண்டுபோனாள். பிறகு பாதியில் நிறுத்திவிட்டு, அவளும் போனைப் பார்த்தாள்.

நாலாவது மணி. ஐந்தாவது.