நீலமா, வெள்ளையா

“மிதிம்மா.”

“மிதிச்சிட்டுத்தானே இருக்கேன்.”

“எறும்பு மேல கால் வைக்கிற மாதிரி வைக்காத. அழுத்தி மிதி.”

“எறும்புக்கு வலிக்கும்ல? சரி, விடவா?”

“விடு. இப்ப திரும்ப மிதி.”

வேனின் ஓட்டுநர் இருக்கையில் ஏறி ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டிருந்தவள் மெக்கானிக்கின் மனைவி. பின்னால் சைலன்சர் அருகே குந்தி, கிளம்பும் புகையை உற்றுப் பார்த்தவர் மெக்கானிக். வேன்காரர் நடுவில் நின்றுகொண்டு, தீர்ப்புக்குக் காத்திருப்பவர் போல இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“வெள்ளை. தண்ணி உள்ள போகுது. எஞ்சின் ஹெட்டைக் கழட்டணும்” என்றார் மெக்கானிக்.

“கண்ணாடியில நீலமாத் தெரியுதுங்க” என்றாள் அவள்.

“கண்ணாடியில நான்கூடத்தான் புது மாப்பிள்ளை மாதிரி தெரிவேன். நம்பிருவியா?”

வேன்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். மெக்கானிக்கும் சிரித்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள். அந்தப் பேச்சு ஒரு சொல் பிசகாமல் அவளிடம் இருக்கிறது.

புகை பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மிதிக்க, ஒருவர் பார்க்க. கல்யாணமான புதிதில் ஆள் கிடைக்காத ஒருநாள் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அப்புறம் வேறு ஆள் தேடவே இல்லை. அதனால் அவள் கணவரை அதிகம் பார்த்தது வண்டிக் கண்ணாடிகளில்தான். விரல் மேலே போனால் மிதிக்க வேண்டும், கை விரிந்தால் விட வேண்டும். அவர் தலை நரைத்ததும் முதுகு வளைந்ததும் யார் யாருடைய வண்டிக் கண்ணாடிகளிலோ அவளுக்குத் தெரிய வந்தவை.

புதிய வண்டிகள் அவரிடம் வருவதில்லை. வருபவை எல்லாம் இருமிக்கொண்டு வருபவை. “வயசான வண்டி ஆயில் குடிக்கத்தான் செய்யும். எந்த வழியாக் குடிக்குதுன்னு பாக்கணும்” என்பார். கறுப்புப் புகை என்றால் எரிபொருள் அதிகம். அடங்காத வெள்ளை என்றால் தண்ணீர் கசிகிறது. நீலம் என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. அந்த நீலமும், காலை எடுத்துவிட்டு மறுபடி மிதிக்கும்போது மட்டும் குப்பென்று வந்தால் வால்வு சீல். இழுக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங். ரிங் என்றால் எஞ்சினையே பிரித்துப் போட வேண்டும். அதைச் சொல்லும்போது வண்டிக்காரரின் முகத்தைப் பார்க்கமாட்டார்.

வண்டிக்காரர்கள் குறுக்கே பேசினால், “நான் வண்டியைக் கேக்குறேன், நீங்க ஏன் பதில் சொல்றீங்க?” என்பார். டீயை ஆடை படியும்வரை ஆறவைத்துத்தான் குடிப்பார். சூடாக இருப்பதைத் தொடக்கூடாது என்பது எஞ்சினிடம் கற்ற பழக்கம். வாசனை அவருக்குத் தெரியாது. “மூக்கு எப்பவோ ரிட்டயர் ஆயிருச்சு. கண்ணுதான் டூட்டி பாக்குது.”

வேனின் ஹெட்டைக் கழற்றினார். தண்ணீரைத் தடுக்கும் கேஸ்கட்டில் ஒரு குறையும் இல்லை. தண்ணீர் குறைந்ததற்குக் காரணம் விரிசல் விட்ட ஒரு ரப்பர் ஹோஸ். வால்வு சீல்கள் மட்டும் கல்லாக இறுகிக் கிடந்தன. அவள் கண்ணாடியில் பார்த்தது சரி. அந்த வாரம் முழுக்க வேன் ஓடவில்லை. வேன்காரர் “பரவாயில்லண்ணே” என்றார். அந்தப் ‘பரவாயில்லை’தான் மெக்கானிக்கைத் தூங்கவிடவில்லை.

அதன்பின், வண்டி கொண்டுவருபவர்களிடம், “உங்களுக்கு என்ன கலர் தெரியுது? சொல்லுங்க பாப்போம்” என்று பரீட்சை வைப்பவர் போலக் கேட்கத் தொடங்கினார். வெள்ளைத் துணியைக் குழாய்முன் பிடித்து, பிசுக்கு ஒட்டுகிறதா என்று விரலால் தேய்த்துப் பார்த்தார். பின்னாலிருந்து உயரும் விரல் தாமதமாக உயர்ந்தது. கண் டாக்டரிடம் போகலாம் என்றால், “வெயில் கூசுது, அவ்வளவுதான்.” கடைசியில் அவள் இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு கண்ணிலும் புரை. பழுப்புக் கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல, முதலில் நீலம்தான் மங்கும் என்றார் டாக்டர். ஆபரேஷன் செய்யலாம். “கடையை மூடினா வர்றவன் அடுத்த கடைக்குப் போயிருவான். பாக்கலாம்” என்று எழுந்துவிட்டார்.

வீடு திரும்பும் வழியில் ஒன்றே ஒன்று கேட்டார். “அன்னிக்கு நீலம்னு சொன்னியே. ஏன் திரும்பச் சொல்லல?”

“ரெண்டு பேரும் சிரிச்சிட்டீங்களே.”



மறுநாள் காலை ஒரு பழைய டாக்ஸி இருமிக்கொண்டு வந்து நின்றது. அவள் வழக்கம்போல ஏறி உட்கார்ந்தாள். அவர் பின்னால் போகாமல், அவள் பக்கக் கதவைத் திறந்துகொண்டு நின்றார். அவள் இறங்கியதும், முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறி அமர்ந்தார். வெள்ளைத் துணியை ஜன்னல் வழியே அவள் கையில் கொடுத்தார். அவள் பின்னால் போய் நின்றதும், அவள் முகம் தெரியும்வரை கண்ணாடியைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

“நான் மிதிக்கிறேன். என்ன கலர்னு நீ சொல்லு” என்றார். பிறகு, டாக்ஸிக்காரர் காதில் விழாதபடி தலையை வெளியே நீட்டி, “நான் சிரிச்சாலும் திரும்பச் சொல்லு.”