கோட்டை வாசலில் அப்பா

அந்தக் கோடையில் எனக்குப் பதினொரு வயது. காலை ஏழு மணிக்கே நீச்சல் உடுப்பைப் போட்டு, அதற்கு மேல் சட்டையையும் போட்டுக்கொண்டு நகரத்து ஓரத்தில் அஜின்கோர்ட் என்ற இடத்தில் எங்கள் அடுக்குமாடி வாசலில் நின்றேன். நயாகராவில் ஒரு தண்ணீர்ப் பூங்கா இருந்தது. அதில் ஐந்து மாடி உயரத்துக்கு ஒரு சறுக்கு. ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். அதற்குள் என்னைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதாக மாமா சத்தியம் பண்ணியிருந்தார்.

மாமா அம்மாவின் தம்பி. எங்களுக்கு ஏழெட்டு வருடம் முன்பே வந்தவர் என்பதால், இந்த நாட்டைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. வேலைத்தலத்து சூப்பர்வைசரிடம் கெஞ்சி ஒரு ஆர்.வி. இரவல் வாங்கி வந்திருந்தார். அடுப்பு, கட்டில், கழிவறை எல்லாம் உள்ளேயே இருந்த பெரிய வண்டி. முதல் முறை நிறுத்திய இடத்திலேயே அம்மா அடுப்பை மூட்டி மீன் பொரித்துவிட்டா. வெள்ளைக்காரனுக்கு என்ன பதில் சொல்வேன் என்று மாமா அதற்குப் பிறகு எல்லா யன்னலையும் திறந்துவைத்துக்கொண்டே ஓட்டினார்.

அப்பாவுக்கு அடுத்த மாதம் குடியுரிமைச் சோதனை. அதில் பழைய சண்டைகளைப் பற்றிக் கேட்பார்களாம். புத்தகத்தில் படித்தால் மறந்துபோகும், நேரில் பார்த்தால் மறக்காது என்று மாமா முடிவுகட்டியிருந்தார். போகிற வழியில் மூன்று போர்க்களங்களைப் பார்த்துவிட்டுத்தான் சறுக்கு என்பது வண்டி புறப்பட்ட பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

முதலாவது, நகரத்துக்குள்ளேயே இருந்த கோட்டை. அப்பா ஒவ்வொரு அறிவிப்புப் பலகையின் கீழும் விரலை ஓட்டி, வாய்க்குள் முணுமுணுத்துப் படித்து, கொப்பியில் எழுதினார். ஒரே மாதிரி ஏழு பீரங்கிகள். ஏழையும் எழுதினார். இரண்டாவது இடத்தில் கோட்டைகூட இல்லை. ஒரு புல்வெளி, ஒரு தூண், இரண்டு அணில்கள். அதற்கு முக்கால் மணி நேரம். எனக்கு நீச்சல் உடுப்பு வேர்வையில் ஒட்டி, தோள்பட்டை எல்லாம் கடித்தது.

அப்பாவிடம் நேரத்தைப் பற்றிப் பேசிப் பிரயோசனமில்லை. எனக்கு நாலு வயதாக இருக்கும்போது, இரண்டு கிழமையில் வருகிறேன் என்று கொழும்புக்கு வேலைக்குப் போனவர், ஒன்றரை வருடம் கழித்துத்தான் வந்தாராம். ஒரு கடிதம்கூடப் போடவில்லையாம். அம்மாதான் சொல்லியிருந்தா. அப்படிப்பட்ட மனிதரை நம்பி நீச்சல் உடுப்போடு வெளிக்கிட்ட என்னைத்தான் நான் நொந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது கோட்டைக்குப் போனபோது நாலரை மணி. இருபதே நிமிடம் என்றார் மாமா. வாசலில் சிவப்புக் கோட்டும் உயரத் தொப்பியும் போட்ட ஒரு பெடியன் துவக்கோடு நின்றான். கோடை விடுமுறையில் வேலை செய்யும் மாணவன், முகத்தில் பரு. வருகிறவர்களை மறித்து, யார் நீங்கள் என்று அந்தக் காலத்துப் பட்டாளத்தான் மாதிரி அதட்டுவதுதான் அவன் வேலை. எங்களுக்கு முன்னால் போன குடும்பம் சல்யூட் அடித்துச் சிரித்துவிட்டுப் போனது.

எங்களை மறித்தான். அப்பா தொப்பியைக் கழற்றினார். அம்மாவையும் என்னையும் தனக்குப் பின்னால் வரிசையாக நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்து, எங்கள் மூன்று பேருடைய கார்டுகளையும் கடதாசிகளையும் இரண்டு கையாலும் நீட்டினார். பெயர், விலாசம், எங்கேயிருந்து வருகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கேட்காமலே ஒவ்வொன்றாக ஒப்புவித்தார்.

பெடியனுக்கு நல்ல குஷி. இப்படி விளையாடத் தெரிந்த ஆளை அவன் அதுவரை கண்டிருக்கமாட்டான். ஒவ்வொரு கார்டையும் வெயிலில் பிடித்துப் பார்த்தான், எங்கள் பெயர்களைக் கொலை செய்தான், அப்பாவைச் சுற்றி ஒருதரம் நடந்துவந்தான். பின்னால் நின்றவர்கள் கைதட்டினார்கள். எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல இருந்தது.

"அப்பா, அவன் சும்மா நடிக்கிறான்" என்றேன்.

"தெரியும் பிள்ளை" என்றார் அப்பா. ஆனால் நீட்டிய கையை மடக்கவில்லை.

கார்டுகள் திரும்பக் கிடைத்ததும் அவர் கோட்டைக்குள் எதையும் பார்க்கவில்லை. ஒரு வாங்கில் உட்கார்ந்து, அவற்றை எண்ணி உறைக்குள் வைத்தார். மறுபடி வெளியே எடுத்து எண்ணினார். கொப்பி மடியில் கிடந்தது. அம்மா அவருக்குப் பக்கத்தில் இருந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தா. மாமா தண்ணீர் வாங்கப் போனார். போவோம், போவோம் என்று நான் எத்தனை தரம் சொல்லியும் ஒருவரும் எழும்பவில்லை.

பூங்கா வாசலை அடைந்தபோது ஆறேகால். ஒரு ஆள் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தான். மதிலுக்கு மேலே சறுக்கு மட்டும் தெரிந்தது.

திரும்பி வரும்போது நான் வெடித்தேன். எல்லாம் அப்பாவால்தான் என்று கத்தினேன். "அவன் உங்களைப் பிடிச்சு உள்ளுக்குப் போட்டிருக்கவேணும்" என்றேன்.

மாமா ஓடிக்கொண்டிருந்த பாட்டுக் கசற்றை நிற்பாட்டினார். அம்மா என்னை அடிக்கக் கையை ஓங்கினா. அப்பா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒருக்காப் போட்டவங்கள் பிள்ளை" என்றார்.

என்னைச் சமாதானப்படுத்தப் பகிடி விடுகிறார் என்றுதான் நினைத்தேன். சிரித்துவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, வீடு வந்து சேரும்வரைக்கும் யன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.