செருப்புக் கழன்ற வீடு

சாரலில் நனைந்த தோல் செருப்பின் வாடை மூக்கில் ஏறினால் போதும், இலஞ்சியில் எங்கள் வீட்டு நடைப்படியில் பெரியவர்களின் செருப்புகள் வரிசையாகக் கிடந்த அந்த ஞாயிறும், அன்று எனக்கிருந்த பயமும் சேர்ந்தே வந்துவிடுகின்றன.

அப்பா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. எனக்குப் பத்து வயது, ஒற்றைப் பெண். சர்ச்சில் ஞாயிறு வகுப்பு எடுத்த டீச்சர் வேதாகமத்திலிருந்து பழைய இஸ்ரவேலரின் வழக்கம் ஒன்றைச் சொன்னார்: ஆண்பிள்ளை இல்லாமல் ஒருவன் இறந்தால் அவன் மனைவியைக் கூடப்பிறந்தவன் கட்டிக்கொள்ள வேண்டும், பிறக்கும் மூத்த மகன் இறந்தவனின் பேரையும் நிலத்தையும் தாங்குவான். அதை அப்படியே வீட்டில் வந்து ஒப்பித்த என் வாயைத்தான் சொல்ல வேண்டும். காப்பி குடித்துக்கொண்டிருந்த பெரியப்பா டம்ளரைக் கீழே வைத்தார். அப்பாவின் தென்னந்தோப்பு என் கல்யாணத்தோடு 'வெளிய' போய்விடுமே என்று புழுங்கிக்கொண்டிருந்தவர் அவர். "வேதத்துலயே இருக்குல்லா! தம்பிக்கும் இன்னும் கல்யாணம் ஆவல" என்றார். அம்மா அடுப்படிக்குள் போய், முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். என்னால்தான் அழுகிறாள் என்பது எனக்கு விளங்கியது.

தம்பி என்றது, சிவகிரியில் வாத்தியாராக இருந்த என் சித்தப்பாவை. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைப் பெரியவர்கள் முன்னிலையில் அவரை உட்காரவைத்துப் பேசி முடிப்பதாக ஏற்பாடு. அன்று காலை வகுப்பில், அந்த ஆள் மாட்டேன் என்றால் என்ன ஆகும் என்று டீச்சரிடம் கேட்டேன். பெரியவர்கள் பார்க்க அந்தப் பெண் அவன் செருப்பைக் கழற்றி, முகத்தில் துப்புவாள். அதோடு விஷயம் தீர்ந்தது. 'செருப்புக் கழன்றவன் வீடு' என்று ஊர் அவன் வீட்டை இளக்காரமாகச் சொல்லும் என்றார்.

ஆம்பிளைகள் உட்கார்ந்திருக்கும் கூடத்துக்கே அம்மா வரமாட்டாள். நானே கழற்றிவிடலாம் என்று மூச்சிரைக்க ஓடிவந்தால், எல்லோரும் செருப்பை நடையிலேயே விட்டுவிட்டுப் பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள்! நம் ஊரில் இந்தச் சடங்கை எப்படித்தான் செய்வது? ஈரம் சொட்டச் சொட்ட சித்தப்பாவின் வலக்கால் செருப்பை உள்ளே தூக்கிக்கொண்டு போனேன்.

"சித்தப்பா, ஒரு தடவ மாட்டுங்க. நான் கழட்டணும்."

"ஏட்டி, என்ன கூத்து இது?" என்றார் பெரியப்பா.

சித்தப்பாவுக்கு வேதம் தெரியும். என்னையே பார்த்தவர், காலை நீட்டினார். மாட்டி, கழற்றினேன். துப்புவதை மட்டும் விட்டுவிட்டேன். வரும்போதெல்லாம் பூந்தி வாங்கி வருகிறவர் முகத்தில் எப்படித் துப்ப?

"அண்ணாச்சி, வேதப்படியே கழட்டியாச்சு" என்று பெருமூச்சு விட்டார் சித்தப்பா. "சிவகிரியில ஒரு டீச்சருக்கு வாக்குக் குடுத்திருக்கேன். ஒங்ககிட்டச் சொல்லப் பயந்துக்கிட்டுக் கெடந்தேன். ஆம்பளப்பிள்ள இல்லன்னா சொத்து பொம்பளப்பிள்ளைக்குன்னும் அதே வேதத்துல இருக்கு. தோப்பு இவளுக்குத்தான்."

"இருக்கத்தான் செய்யுது" என்று ஒரு சபைப் பெரியவர் சிரித்துவிட்டார். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடைக்குப் போய்த் தன் செருப்பை மாட்டினார். அடுப்படியில் அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இப்போது பெரியப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார், அந்தப் பெரியவர்களும் இல்லை. நாலு பேர் பாயில் உட்கார்ந்து ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் பேசி முடிக்கிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் அவர்களோடு போயிற்று. அதற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை. தோப்பு என் பேரில் இருக்கிறது. அம்மா என்னோடு இருக்கிறாள். சிவகிரியிலிருந்து ஞாயிறுதோறும் அம்மாவிடம் பேசச் சித்தப்பாவின் போன் வரும்.

"செருப்புக் கழன்ற வீட்டுல இருந்து பேசுதேன். மைனி இருக்காவளா?"