அணில் என்று பெயர் வைத்த பன்றி

என் அண்ணன் சிட்டிபாபுவைப் பற்றிக் காஞ்சிபுரத்தில் யாரிடம் கேட்டாலும் முதலில் அவருடைய வண்டியின் நாற்றத்தைத்தான் சொல்வார்கள். கல்யாண மண்டபங்களில் மிஞ்சிய சோற்றையும் குழம்பையும் நீலப் பீப்பாய்களில் நிரப்பி, குட்டியானை வண்டியில் ஏற்றி, கூரம் போகும் வழியில் இருந்த தன் பன்றிக் கொட்டகைக்குக் கொண்டுபோவார். முகூர்த்த நாட்களில் அவருக்குக் குஷி. "ஊரே பட்டு எடுக்க வருதுன்றாங்க. இல்லபா, என் பன்னிங்களுக்கு விருந்து வைக்க வருது" என்பார்.

போன மாதம் அவரைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்தோம். நெஞ்சுவலி என்று மருத்துவமனையில் எழுதிக்கொடுத்தார்கள். அதில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. ஆனால் அந்த வலி எங்கே தொடங்கியது என்பதை நான் அறிவேன்.

அவர் பன்றிகளைக் கூப்பிடுவதற்கென்று ஒரு குரல் இருந்தது. உதட்டைத் துடிக்கவிட்டு, "ஓ...ய் தாயி, ஓ...ய் தாயி" என்று இழுப்பார். எவ்வளவு தூரத்தில் மேய்ந்தாலும் காதை ஆட்டிக்கொண்டு ஓடிவரும். குட்டிகள் தாயைப் பார்த்து அந்தக் குரலைப் படித்துக்கொள்ளும். அந்தக் குரலுக்கு எங்கள் அப்பா காலத்திலிருந்து ஒரு கட்டுப்பாடு உண்டு. சோற்றுக்குக் கூப்பிடுகிற குரலில் கத்திக்குக் கூப்பிடக் கூடாது. விற்கிற நாளில் வாங்குகிறவனே உள்ளே இறங்கிக் கயிறு போட்டுக்கொள்ள வேண்டும். அண்ணன் அந்த நேரத்தில் டீக்கடையில் இருப்பார். "இன்னாபா, இன்னிக்கு யாருக்குத் துக்கம்?" என்று கடைக்காரர் கேட்பார். அண்ணன் சிரிக்காமல் பெயரைச் சொல்வார். எல்லாவற்றுக்கும் பெயர் வைத்திருந்தார்.

பெருமழை பெய்து ஏரி நிரம்பி வழிந்த வருஷம் ஒரு பெட்டைப் பன்றி வெள்ளத்தோடு போய்விட்டது. செத்திருக்கும் என்றுதான் நினைத்தோம். தண்ணீர் வடிந்து பல வாரங்களுக்குப் பிறகு சினையோடு திரும்பி வந்தது. போட்ட குட்டிகளில் ஒன்றின் முதுகில் மட்டும் கோடுகள் இருந்தன. காட்டுப்பன்றிக் குட்டிக்குத்தான் அப்படி இருக்கும் என்று அண்ணி சம்பூர்ணம் சொன்னார். அண்ணன் அதற்கு அணில் என்று பெயர் வைத்தார்.

அணில் கொட்டகைக்குள் நிற்கவில்லை. வளர வளரச் சுவரை முட்டியது. ஒரு நாள் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு சீமைக்கருவேலங் காட்டுக்குள் போய்விட்டது. கொஞ்ச காலம் அவர் கூப்பிட்டால் வேலிக்கு வெளியே வந்து நின்று, கொட்டியதைத் தின்றுவிட்டுப் போகும். பிறகு அதுவும் நின்றது.

போன வருஷம் கூரத்துப் பக்கம் வேர்க்கடலைக் கொல்லைகளை ஒரு பெரிய பன்றி உழுதுபோடுவதாகப் பேச்சு வந்தது. செல்போனில் படம் சுற்றியது. வரப்பின்மேல் நிற்கிறது, பக்கத்திலிருந்த மோட்டார் கொட்டகை சின்னதாகத் தெரிகிறது. "இது பன்னி இல்லபா, எழுபத்தாறு ஏ பஸ்ஸு" என்று யாரோ அதன் கீழே எழுதியிருந்தார்கள். எல்லாரும் சிரித்தோம். அண்ணன் மட்டும் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"அணிலா?" என்று அண்ணி கேட்டார்.

"தெரில. மயிரு முள்ளு மாதிரி இருக்குது. கோரப்பல்லு வேற. காட்டுல கிடந்தா எதுவும் அப்பிடித்தான் ஆவும்."

அடுத்த வாரம் அது வேலாயுதம் என்ற விவசாயியின் தொடையைக் கிழித்தது. தண்ணீர் பாய்ச்சப் போனவர், மடையருகே அது படுத்திருந்ததைப் பார்க்கவில்லை. உயிர் பிழைத்ததே பெரிது.

வேலாயுதத்தின் தம்பி துரைக்கண்ணு இரண்டு பேரோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்றுதான் நான் பயந்தேன். அவர் கெஞ்சினார்.

"சிட்டிபாபு, அது உன்னுதுன்னு ஒரு வார்த்த சொல்லுபா."

"என்னுதுன்னா எங்கிட்டதான இருக்கும்?"

"காட்டுப்பன்னின்னா நாங்க கை வைக்கக் கூடாது. பாரஸ்ட்டுக்கு மனு குடுத்துட்டு வருவாங்க வருவாங்கன்னு வாசலப் பாத்துக்கினு இருக்கோம். வீட்டுப் பன்னின்னா எங்க பாடு. அந்த வனக்காப்பாளர் இன்னா சொல்றாரு தெரியுமா? கூப்ட்டா வந்துச்சுன்னா வீட்டுப் பன்னி, ஓடிச்சுன்னா காட்டுப் பன்னியாம். கிண்டலா சொன்னாரு. ஆனா கூப்புட உன்ன விட்டா ஆள் இல்ல."

"கூப்ட்டு?"

கூட வந்த இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"அந்த வாயால அதுக்குக் கூப்புட மாட்டேன்பா" என்றார் அண்ணன்.

"நாளைக்கு என் புள்ள தண்ணி பாய்ச்சப் போவும். அதுக்கு எதுனா ஆச்சுன்னா உன் வாய வெச்சிக்கினு நீ இன்னா பண்ணுவ?"

அவர்கள் போன பிறகு அண்ணன் சாப்பிடவில்லை. அண்ணி சொன்னார்: "அது அணிலே இல்லன்னா? சும்மா ஒரு குரல் குடுத்துட்டு வாயேன். வராது. காட்டுப்பன்னின்னு தெரிஞ்சிடும். அப்பறம் அரசாங்கம் பாத்துக்கும்." அண்ணனுக்கும் அந்த நப்பாசைதான். வராது என்று நம்பித்தான் ஒப்புக்கொண்டார்.

விடியற்காலையில் போனோம். நான் மேட்டுமேல் வண்டிக்குள் இருந்தேன். கூரத்து ஆட்கள் வலையும் வேல்கம்புமாகப் பக்கத்துக் கரும்புக்குள் ஒளிந்திருந்தார்கள். அண்ணன் கொல்லை நடுவே வாளியை வைத்துவிட்டுக் கூப்பிட்டார். எதுவும் வரவில்லை. மறுபடி கூப்பிட்டார். கரும்புக்குள் ஒருவன் கொட்டாவி விட்டது எனக்கே கேட்டது. அண்ணன் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்தது சந்தோஷம்.

அப்போது முள்காடு அசைந்தது.

அதன் முதுகு அண்ணனின் இடுப்புக்கு மேல் இருந்தது. பிடரியிலிருந்து வால்வரை மயிர் நட்டமாக நின்றது. யாருடைய வீட்டுப் பன்றி என்றும் சொல்ல முடியாத உருவம். ஆனால் காதை ஆட்டிக்கொண்டு ஓடிவந்து வாளிக்குள் மூஞ்சியை விட்டது. கல்யாண வீட்டுச் சாம்பார் சோறு.

தோளிலுள்ள துண்டை அண்ணன் எடுத்தால் ஆட்கள் பாய வேண்டும் என்று பேச்சு. அவர் துண்டைத் தொடவில்லை. குனிந்து அதன் காதருகே ஏதோ சொன்னார். பிறகு, "ஓடு! ஓடுறா! போ!" என்று கத்தினார். வாளியின் மூடியால் அதன் முதுகில் அடித்தார். திரும்பத் திரும்ப அடித்தார். அது கொஞ்சம் நகர்ந்து நின்று தின்றது. அவ்வளவு பெரிய மிருகம், வேலாயுதத்தின் தொடையைக் கிழித்த மிருகம், அவர் அடிக்கு ஒரு உறுமல்கூடக் காட்டவில்லை. அவர் துண்டை எடுக்கும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. வலை விழுந்தது. அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை; கேட்டது.

வனக்காப்பாளர் மத்தியானம் வந்து, "யாருதுபா இது?" என்றார். "என்னுது சார்" என்றார் அண்ணன். அந்தச் சொல்லால் கூரத்து ஆட்கள் தப்பித்தார்கள். உடையவனுக்கு உரிய பங்கு என்று தலையை இலையில் வைத்து அனுப்பினார்கள். அண்ணி அதை வாங்கவில்லை.

அதன்பிறகு அண்ணன் அந்தக் குரலைக் கொடுக்கவே இல்லை. பேசாமல் தொட்டியில் கொட்டிவிட்டுத் திரும்பிவிடுவார். பன்றிகள் வராமல் சோறு புளித்துக் கிடக்கும். கடைசியில் அவற்றை விற்றுவிட்டார். ஒரே ஒரு முறைதான் என்னிடம் அதைப் பற்றிப் பேசினார்: "அது ஓடியிருந்தா காட்டுப்பன்னி, கிரேசு. நான்தான் அத வீட்டுப் பன்னி ஆக்கினேன். அன்னிக்குக் காலைல."

நேற்று துரைக்கண்ணு வந்திருந்தார். துக்கம் கேட்கத்தான் வந்தார், அழவும் செய்தார். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, கொல்லையில் மறுபடி தடம் தெரிகிறது என்றார். இதுவும் பெரிசாம்.

"சிட்டிபாபு கூப்புடுற மாரி உங்க வீட்ல வேற யார்னா கூப்புடுவாங்களாம்மா?"

அண்ணிக்குக் கல்யாணமான நாளிலிருந்து அண்ணன் வெளியூர் போனபோதெல்லாம் கொட்டகையில் பன்றிகளைக் கூப்பிட்டுச் சோறு போட்டவர் அண்ணிதான்.

"தெரியாதுபா" என்றார் அண்ணி. "எங்க யாருக்கும் தெரியாது."