அம்மா குப்புறப் படுத்திருந்த வாரம்

அம்மா பகலில் படுத்து நான் பார்த்ததே இல்லை. அதனால், தினமும் மதியம் குப்புறப் படுத்துப் பழகச் சொல்லி டாக்டர் உத்தரவு போட்டதும், கருங்குழியில் எங்கள் வீட்டில் அது பெரிய வேடிக்கையாகிவிட்டது. எனக்கு அப்போது பத்து வயது.

அம்மாவின் சிறுநீரகத்தில் கல். வாழைத்தண்டுச் சாற்றுக்கெல்லாம் மசியாத முரட்டுக் கல். முதுகில் சின்னத் துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும் என்றார் செங்கல்பட்டு டாக்டர். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து, விலா எலும்புக்குக் கீழே பென்சிலை ஓட்டிக் காட்டினார். கொஞ்சம் மேலே போனால் நுரையீரல், பக்கத்தில் போனால் குடல். "கல்லை எடுக்கிறது பெரிசில்லம்மா, போற வழியைத்தான் யோசிக்கணும்" என்றார். குப்புறப் படுக்கவைத்து ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம், அதுவும் குப்புறப் படுத்தபடிதான், அதுவரை வீட்டில் பழகுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

இவ்வளவு நிதானமான டாக்டர் கிடைத்தது நம் யோகம் என்று பஸ்ஸில் அப்பா சொல்லிக்கொண்டே வந்தார். ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்த அம்மா, படாளம் தாண்டியதும் வாயைத் திறந்தாள்.

"அவருக்கே வழி தெரியாம யோசிச்சிகினு கீறாரு. நீ இன்னாடான்னா யோகம்ன்ற."

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் கூடச் சேர்ந்துகொண்டேன்.

மறுநாள் மதியம் அம்மா பாயை விரித்து, தலையணையில் முகம் புதைத்துப் படுத்தாள். படுத்தவள் சும்மா இருக்கவில்லை. அதுவரை தீப்பெட்டியைத் தொட்டாலே முதுகில் ஒன்று வைப்பவள், படுத்த வாக்கிலேயே என்னை ரசம் வைக்கச் சொன்னாள். புளி எவ்வளவு, பெருங்காயம் எப்போது, நுரை கட்டியதும் இறக்க வேண்டும் என்று குரல் மட்டும் வரும். அடுத்தடுத்த நாட்களில் பாடம் அடுப்படியைத் தாண்டிப் போனது. தம்பிக்குக் காய்ச்சல் வந்தால் எந்த மாத்திரையில் பாதி கொடுப்பது, அப்பா கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் கிளம்பினால் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பதெல்லாம் அதில் சேர்ந்தன.

"உங்கப்பாவுக்கு ரெண்டாவது தபா கேக்காமயே சோறு போடு. அது வாயத் தொறந்து கேக்காது" என்றாள் ஒருநாள்.

தலையணை நனைந்திருந்தது. புழுக்கத்தில் வியர்க்கிறது என்று நினைத்து விசிறிவிட்டேன். எனக்கோ பெருமை பிடிபடவில்லை. தெருப் பெண்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டர் யோசித்த வழி சரியான வழிதான். உடைத்தெடுத்த கல்லை ஒரு டப்பாவில் வாங்கிவந்து, பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அப்பா ஆட்டிக் காட்டினார்.

அம்மா வீட்டுக்கு வந்த அன்றே என் கைவரிசையைக் காட்டிவிட அடுப்படிக்கு ஓடினேன். புளியைக் கரைத்துக்கொண்டிருக்கும்போது அம்மா மெல்ல நடந்து வந்து, கையிலிருந்த கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அதான் நான் கீறேன் இல்ல? நீ இன்னாத்துக்கு அடுப்பாண்ட வர்ற? போயி வெளாடு."

அவள் குரல் ஏதோ போல் இருந்தது. அத்தனையும் கற்றுக்கொடுத்துவிட்டு, என் ரசத்தின்மேல் நம்பிக்கை இல்லாமல் போய்விட்டதே என்று தோட்டத்தில் போய் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன்.