சோதனைக்கு எடுத்த தண்ணீர்

என் கணவர் கல்யாணத்துக்குப் போனாலும் வீட்டில் வாங்கும் கேன் தண்ணீரைப் பாட்டிலில் எடுத்துக்கொண்டு போகிறவர். சொந்தக்காரர்கள் காபி கொடுத்தால், "கேன் தண்ணியில போட்டதா?" என்று என் காதைக் கடிப்பார்.

இரும்புலியூரில் எங்கள் அபார்ட்மென்டில் எட்டு வீடுகள். போன மழைக்குப் பிறகு, தரைக்கடித் தொட்டியான சம்ப்பிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரில் சேற்று வாடை வந்தது. அதை வடிகட்டிக் குடித்த கீழ்வீட்டு டீச்சர் வீட்டில் இரண்டு பேருக்கு வயிற்றுப்போக்கு. அப்போது நான்தான் செக்ரட்டரி. தாம்பரத்தில் ஒரு லேபில் போய்க் கேட்டேன். அங்கிருந்த பெண் கிருமி நீக்கிய பாட்டில் ஒன்றைக் கொடுத்தாள்.

"குழாய் வாயை நெருப்புல காட்டிட்டுப் பிடிங்க மேடம். மூடிக்கு உள்ள விரல் படக் கூடாது. ஐஸ்ல வெச்சு உடனே எடுத்துட்டு வந்துடுங்க."

மறுநாள் காலை அப்படியே பிடித்து, ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் பாட்டில் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

"என்னங்க, இதுல இருந்த தண்ணி எங்க?"

"குடிச்சுட்டேன். வாக்கிங் போயிட்டு வந்த களைப்புக்கு ஜில்லுன்னு இருந்துது. எந்தக் கம்பெனி?"

"நம்ம சம்ப்."

பத்து நிமிஷம் வாய் கொப்பளித்தார். ஓமத்தண்ணீர் குடித்தார். டாக்டருக்கு போன் போட்டார். டாக்டர், "ஏதாவது பண்ணினா வாங்க" என்று வைத்துவிட்டார். ஒன்றும் பண்ணவில்லை. நான்தான் வெட்கத்தை விட்டு லேபுக்குப் போய் இன்னொரு பாட்டில் வாங்கி வந்து, மறுபடி பிடித்து, கையோடு ஆட்டோவில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நாலாம் நாள் ரிப்போர்ட் வந்தது. கிருமி இருக்கிறது, குடிக்க உகந்ததல்ல. அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அவர் கை வயிற்றுக்குப் போனது.

"காலையிலேர்ந்தே ஒரு மாதிரியா இருந்துது" என்றார். காலையில் ஆறு இட்லி சாப்பிட்டவர். ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டுப் படுத்தார்.

நானும் டீச்சரும் சம்ப்பைப் பார்க்க இறங்கினோம். மூடிமேல் நின்ற ஸ்கூட்டரை இருவருமாக நகர்த்தினோம். ஸ்டாண்டு அழுத்தி அழுத்தி மூடி ஒரு மூலையில் உடைந்திருந்தது. தெருவில் தேங்கிய மழைத் தண்ணீரெல்லாம் அந்த வழியாகத்தான் இறங்கியிருக்கிறது. டீச்சர் ஸ்கூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வண்டி எங்களுடையது.

மேலே வந்து சொன்னேன். அவர் உடனே எழுந்து சட்டையை மாட்டினார். சாயங்காலத்துக்குள் புது மூடி வந்தது. மறுநாள் ஆள் வைத்து சம்ப்பைக் கழுவி, மருந்து போட்டு, கூடவே நின்று பார்த்துக்கொண்டார். அடுத்த ரிப்போர்ட் சுத்தமாக வந்ததும் அதை எடுத்துக்கொண்டு கீழ்வீட்டுக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

"என் வண்டியாலதான் டீச்சர். மன்னிச்சுக்குங்க."

"பரவாயில்ல சார், இப்ப எல்லாரும் நல்லாயிருக்கோம்" என்றார் டீச்சர். "உங்களுக்குத்தான் வயித்துவலின்னு லீவு போட்டீங்களாமே, எப்படி இருக்கு?"

"அது அன்னைக்கே போயிடுச்சு டீச்சர்" என்றார், தரையைப் பார்த்தபடி.