குட்டியோடு வந்த திமிங்கிலம்

இதை எழுதவே கூசுகிறது. குளிர்காலத்தில் வெதுவெதுப்பான கடல் தேடிவரும் கூன்முதுகுத் திமிங்கிலம் ஒன்று மாமல்லபுரம் பக்கம் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, எட்டு வயது மகளுடன் ஒரு மீனவரின் படகில் போனேன். தூரத்தில் அதன் முதுகு தெரிந்ததும் அவர் மோட்டாரை நிறுத்திவிட்டார்.

"குட்டி கூடக் கீது சார், கிட்ட போவக்கூடாது."

போட்டோ ஆசையில் நான், "இன்னா அண்ணாத்த, பயமா?" என்று அவரைப் போலவே பேசிக் கிண்டலடித்தேன். அவர் மோட்டாரைப் போட்டார்.

அருகில் போனதும் தாய் எழும்பியது. படகு சாய்ந்தது. என் கைகள் இரண்டும் கேமராவைத்தான் பிடித்தன. கடலில் சரியவிருந்த மகளை இழுத்துப் பிடித்தவர் அவர்.

"பாப்பாவ வூட்டுக்கு இட்டுகினு போ சார்" என்று மட்டும் சொன்னார்.

இப்போதெல்லாம் படகுக்காரர் பேச்சை நான் மீறுவதில்லை, கேமராவும் கொண்டுபோவதில்லை. ஆனாலும் எந்தப் படகில் ஏறினாலும், மகள் படகுக்காரர் பக்கத்தில்தான் போய் உட்காருகிறாள்.